ஹெர்னியா பேக்கேஜ்: தையலுக்கு முழு மார்க், தாளுக்கு முட்டை

ஹெர்னியா, அதாவது குடலிறக்க ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். மொத்தம் ஆறு வரி. ஐந்து வரி மாத்திரைக்கு. ஆறாவது வரியில் "அவாய்ட் ஸ்ட்ரெயின், ரிவ்யூ எஸ்.ஓ.எஸ்." என்று ஆங்கிலத்தில் இருந்தது. எஸ்.ஓ.எஸ். என்பது ஏதோ டாக்டரின் பெயர் என்று என் வீட்டுக்காரி நினைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் நான் பயந்துபோய்க் கிடந்தபோது ரிசப்ஷனுக்குப் போன் போட்டு, எஸ்.ஓ.எஸ். டாக்டர் எப்போது வருவார் என்று இந்தியில் கேட்டாள். எதிர்முனையில் இருந்த பெண் சிரிக்கக்கூட இல்லை. "திங்கள்கிழமை ஓபிடிக்கு (வெளிநோயாளி பிரிவுக்கு) வாங்க" என்று வைத்துவிட்டாள். தேவைப்பட்டால் வந்து காட்டு என்பதுதான் அந்த 'ரிவ்யூ எஸ்.ஓ.எஸ்.'ஸுக்கு அர்த்தமாம். எப்போது தேவைப்படும் என்பதைத்தான் அந்தத் தாள் சொல்லவில்லை.

இது மும்பையில் செம்பூர் பக்கம் இருக்கும் இருபது படுக்கை நர்ஸிங் ஹோம். பெயரைப் போடவில்லை. ஆபரேஷன் செய்த டாக்டர் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. பெயர் சொல்லித் திட்டினால் அது அவர் தலையில்தான் விழும். தாராவியில் என் கடைக்கு வந்து கேட்டால் நேரில் சொல்கிறேன்.

கடை என்றால் மாவுக் கடை. 90 அடி ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில் இருக்கிறது. தலையில் டப்பாவை வைத்துக்கொண்டு மும்பை முழுக்க இட்லி விற்கப் போகும் நம் ஊர் ஆட்களில் பதினாறு பேருக்கு நான்தான் மாவு. மத்தியானம் அரிசி உளுந்தை ஊறப்போட்டு, சாயங்காலம் ஆட்டி, ராத்திரி புளிக்கவிட்டு, விடியற்காலை மூன்று மணிக்கு அண்டா அண்டாவாகக் கொடுக்க வேண்டும். 25 கிலோ சிப்பத்தைத் தோளில் போடுவதும், மாவு அண்டாவை இடுப்போடு அணைத்துத் தூக்குவதுமாக முப்பத்தோரு வருஷம். வலது தொடை இடுக்கில் எலுமிச்சம்பழம் மாதிரி ஒன்று எட்டிப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. நின்றால் வரும், படுத்தால் உள்ளே போய்விடும். பக்கத்துக் கடை அண்ணாச்சி பார்த்துவிட்டு "இது ஓதம்லே, ஊர்ல எங்க தாத்தாவுக்கு இருந்துச்சி" என்றார். ஓதம் (விதைப்பையில் நீர் கோப்பது) இல்லை, குடலிறக்கம். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமலே இரண்டு வருஷம் ஓட்டினேன்.

அந்த இரண்டு வருஷமும் ஒரு ஹெர்னியா பெல்ட் போட்டேன். 450 ரூபாய். அதையும் இங்கேயே விமர்சித்துவிடுகிறேன்: வாங்காதீர்கள். மும்பைப் புழுக்கத்தில் இடுக்கெல்லாம் புண்ணாகும், எலுமிச்சம்பழம் ஆரஞ்சுப் பழமாவதை அது தடுக்காது. பெல்ட் கட்டினால் ஓட்டை தானாக மூடிக்கொள்ளும் என்று நம்பியது என் முட்டாள்தனம். வயிற்றுச் சுவரில் விழுந்த ஓட்டை ஒட்டிக்கொள்வதில்லை.

டாக்டர் மராட்டிக்காரர். என்ன தொழில் என்று முதலில் கேட்டார். சொன்னதும் அவருக்கு உவமை கிடைத்துவிட்டது. "அரிசிச் சாக்கு கிழிந்தால் என்ன செய்வாய்? கிழிசலின் இரண்டு ஓரத்தையும் இழுத்துப் பிடித்துத் தைத்தால், மறுபடி அரிசி போட்டதும் தையலை ஒட்டியே கிழியும். மேலே ஒரு ஒட்டுத்துணி வைத்துத் தைத்தால் நிற்கும். நானும் ஒட்டுதான் போடப் போகிறேன்." அந்த ஒட்டுத்துணிக்குப் பெயர் மெஷ், பாலிபுரொப்பிலீன் வலை. மீன் வலையை வெட்டினது மாதிரி உள்ளங்கை நீளத்துக்கு ஒரு துண்டு. இழுத்துத் தைக்கிற முறையை 1880களில் இத்தாலியில் பாசினி என்ற டாக்டர் கொண்டுவந்தாராம், நூறு வருஷம் அதுதான் ஓடியதாம். 1980களில் அமெரிக்காவில் லிக்டன்ஸ்டைன் என்பவர், இழுக்காமல் வலையை வைத்துத் தைக்கலாம் என்று காட்டினார். என் கேஸ் ஷீட்டில் ஆபரேஷன் பெயரே அவர் பெயர்தான். இதெல்லாம் டாக்டர் சொன்னதில்லை, என் தங்கச்சி மகள் சொன்னது. அவள் நவி மும்பையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். இந்தக் கதையில் அவள் அடிக்கடி வருவாள். உண்மையில் ஆபரேஷனுக்கு அப்புறம் என்னைப் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரி அவளுடைய வாட்ஸ்அப்தான்.

டாக்டரிடம் பிடித்த இன்னொரு விஷயம், உடனே கத்தியை எடுக்கவில்லை. எனக்குச் சர்க்கரை உண்டு. மூன்று மாதச் சராசரி 8.9 என்று ரிப்போர்ட் வந்தது. "இந்தச் சர்க்கரையோடு உள்ளே வலை வைத்தால் சீழ் பிடிக்க வழி விட்ட மாதிரி. இரண்டு மாதத்தில் குறைத்துக்கொண்டு வா" என்று அனுப்பிவிட்டார். நடுவில் கட்டி உள்ளே போகாமல் கல் மாதிரி இறுகி, வலியும் வாந்தியும் வந்தால் மட்டும் ராத்திரியானாலும் ஓடி வரச் சொன்னார். அப்படியானால் குடல் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம், மணிக்கணக்கில் காத்திருக்க முடியாது. பாருங்கள், ஆபரேஷனுக்கு முன்னால் எது ஆபத்து, எது இல்லை என்று இவ்வளவு தெளிவாகச் சொல்லத் தெரிந்த இடம்தான், ஆபரேஷனுக்குப் பின்னால் ஆறு வரித் தாளோடு கைகழுவியது.

சயான் மாநகராட்சி ஆஸ்பத்திரி எங்களுக்குக் கூப்பிடு தூரம். என் மகள் பிறந்தது அங்கேதான். இந்த முறை மகனுடைய கம்பெனி மெடிக்ளெய்மில் அப்பா அம்மாவுக்கும் கவர் இருந்ததால், கையிலிருந்து காசு கட்ட வேண்டாம், கேஷ்லெஸ் என்ற வார்த்தையில் மயங்கிச் செம்பூர் போனேன். இரண்டு ராத்திரி, இரட்டைப் படுக்கை அறை, ஆபரேஷன், மெஷ், மயக்க மருந்து டாக்டர் எல்லாம் சேர்த்து 68,000 ரூபாய் பேக்கேஜ். 2025 ஜூலை 9 புதன்கிழமை சாயங்காலம் சேர்ந்தேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு வார்டு பாய் ஒரு ரேசரோடு வந்தான். முடியெடுக்கணுமாம். அவன் கைக்கு என்ன அவசரமோ, இரண்டு இடத்தில் கீறிவிட்டான். விஷயத்தைத் தங்கச்சி மகளுக்கு அனுப்பினால், "மாமா, ரேசர் போட விட்டீங்களா!" என்று ஒரு குரல் செய்தி வந்தது. 2016லேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டதாம்: ஆபரேஷனுக்கு முன்னால் முடியை எடுக்க வேண்டியதே இல்லை, எடுத்தே ஆகவேண்டும் என்றால் கிளிப்பர் மெஷினால் வெட்ட வேண்டும், ரேசர் கூடவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி குடியேறும். எனக்குக் கீறல் கண்ணுக்கே தெரிந்தது. காலையில் டாக்டர் பார்த்துவிட்டு வார்டு பாயைச் சத்தம் போட்டார். சத்தம் போட்டால் கீறல் போய்விடுமா? கீறல் கத்தி வைக்காத இடத்தில்தான் இருக்கிறது என்று சொல்லி ஆபரேஷனுக்கு எடுத்துக்கொண்டார்.

பட்டினி விஷயத்திலும் இப்படித்தான். ராத்திரி பத்துக்கு மேல் தண்ணீர்கூடக் கூடாது என்றார்கள். காலை எட்டு மணி ஆபரேஷன் என்றால் சரி. முன்னால் இருந்த கேஸ் இழுத்து, என்னை உள்ளே கொண்டுபோனபோது மத்தியானம் ஒன்றரை. திட உணவுக்கு ஆறு மணி நேரமும் வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரமும் போதும் என்பதுதான் மயக்க மருந்து டாக்டர்களின் பொதுவான கணக்கு. சர்க்கரைக்காரனைப் பதினைந்தரை மணி நேரம் நாக்கு வறளப் படுக்கப் போடுவது வெறும் சோம்பேறித்தனம்.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, அதுதான் அதன் பெருமை. முதுகில் ஒரு ஊசி, ஐந்து நிமிஷத்தில் இடுப்புக்குக் கீழே என் கால்கள் எனக்குச் சொந்தமில்லை. யாரோ துணி மடிக்கிற மாதிரி ஒரு உணர்வு. ஐம்பது நிமிஷத்தில் முடிந்தது. டாக்டர் தலைமாட்டுக்கு வந்து, "சாக்கு தைத்தாயிற்று" என்றார்.

ராத்திரிதான் வினை தொடங்கியது. கால் திரும்ப வந்துவிட்டது, மூத்திரம் மட்டும் வரவில்லை. ஏழு மணிக்கு முட்டுகிற மாதிரி இருந்தது. எட்டு மணிக்கு வயிறு ஊதியது. ஆயா குழாயைத் திறந்துவிட்டு, "சத்தத்தைக் கேளுங்க காகா, தானா வரும்" என்றாள் (காகா என்றால் மராட்டியில் சித்தப்பா). வரவில்லை. எழுந்து நிற்க வைத்தார்கள், வெந்நீர்ப் பை வைத்தார்கள், என் வீட்டுக்காரி முருகனைக் கூப்பிட்டாள். பத்து மணிக்கு எனக்கு வேர்த்துக் கொட்டியது. தையல் போட்ட இடத்து வலியெல்லாம் இதற்கு முன்னால் வலியே இல்லை. டியூட்டி டாக்டர் கீழே எங்கோ இருந்தார், நாலு தடவை போன் போட்டும் மேலே வரவில்லை.

நைட் டியூட்டிக்கு வந்த சிஸ்டர் பாலக்காட்டுக்காரர், தமிழ் நன்றாகப் பேசினார். வயிற்றைத் தொட்டுப் பார்த்த உடனே, "எத்தர மணிக்கூறாச்சு, யாரும் சொல்லலையா?" என்று கோபப்பட்டு டாக்டரைக் கையோடு பிடித்துக்கொண்டு வந்தார். கதீட்டர் என்ற மூத்திரக் குழாயைப் போட்டார்கள். பையில் 800 மில்லி இறங்கியது. நான் அழுதுவிட்டேன், சொல்ல வெட்கமில்லை. முதுகு ஊசியின் மருந்து மூத்திரப் பைக்குப் போகும் நரம்பையும் மரக்கச் செய்யுமாம். கால் விழித்துக்கொண்ட பிறகும் அது தூங்கிக்கொண்டிருக்கும். ஐம்பது வயது தாண்டிய ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஹெர்னியா ஆபரேஷனில் இது சாதாரணமாக நடக்கிற ஒன்று என்று சிஸ்டர் சொன்னார். சாதாரணமாக நடக்கிறதென்றால் சாயங்காலமே யாராவது வந்து, "மூத்திரம் போச்சா?" என்று கேட்டிருக்கலாமே. அந்தச் சிஸ்டருக்கு மட்டும் தனியாகப் பத்துக்குப் பத்து. மறுநாள் காலை குழாயை எடுத்தார்கள், தானாகப் போனேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்றார். பில் பாஸாகி வெளியே வந்தபோது சாயங்காலம் ஆறே முக்கால். இன்சூரன்ஸ் அப்ரூவல் வரவில்லை என்று ஆஸ்பத்திரியும், ஆஸ்பத்திரி பேப்பர் அனுப்பவில்லை என்று இன்சூரன்ஸும் மகனைப் பந்தாடினார்கள். டிஸ்சார்ஜ் கேட்டு மூன்று மணி நேரத்துக்குள் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும் என்று இன்சூரன்ஸ் ஆணையம் 2024 மே மாதமே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. மகன் அதை மொபைலில் காட்டினான். பில்லிங் கவுன்டரில் இருந்தவர், பேப்பர் நாலு மணிக்குத்தான் அனுப்பினோம், கணக்கு அதிலிருந்துதான் தொடங்கும் என்றார். அதுவும் ஒரு சாமர்த்தியம்தான். கேஷ்லெஸ் என்று சொன்னதில் கையுறை, பஞ்சு, இன்னும் புரியாத பத்துப் பதினைந்து ஐட்டத்துக்கு 4,310 ரூபாய் கையிலிருந்து கட்டினோம். ஃபைலில் மெஷ் பெட்டியின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொன்னாள் தங்கச்சி மகள். இருந்தது. பின்னால் ஏதாவது பிரச்சினை வந்தால் உள்ளே என்ன கம்பெனி வலை இருக்கிறது என்று தெரிய அது வேண்டும். உங்கள் ஃபைலிலும் பாருங்கள்.

டாக்சியில் வீடு வந்தது தனிக் கொடுமை. சயான் ரயில் மேம்பாலத்தை 2024 ஆகஸ்டில் மூடியிருந்ததால் அப்போது தாராவிக்கு எல்லோரும் சுற்றித்தான் வந்துகொண்டிருந்தோம். ஜூலை மாதக் குழிகள். ஒவ்வொரு குழிக்கும் ஒரு தலையணையை அடிவயிற்றோடு அமுக்கிக்கொண்டேன். இந்தத் தலையணை வித்தையும் பாலக்காட்டுச் சிஸ்டர் சொல்லிக்கொடுத்ததுதான். இருமல், தும்மல், சிரிப்பு, குழி எது வந்தாலும் தையலின் மேல் தலையணையை அமுக்கிப் பிடிக்க வேண்டும். இலவசம், நூறு சதவீதம் வேலை செய்கிறது, தாளில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை குளியலறையில் குனிந்து பார்த்தவன் அலறிவிட்டேன். விதைப்பை மொத்தமும் கத்தரிக்காய் நிறம். நிறம் மட்டுமில்லை, அளவும் அதுதான். வீட்டுக்காரி ரிசப்ஷனுக்குப் போன் போட்டு எஸ்.ஓ.எஸ். டாக்டரைத் தேடியது அன்றுதான். தங்கச்சி மகள் நைட் ஷிப்ட் முடித்துப் படுக்கப் போகிற நேரம். அவளுக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குக் கூச்சம். என் வீட்டுக்காரிதான் பேசினாள். தங்கச்சி மகள் உடனே வீடியோவில் வந்தாள். "மாமா, வெட்கப்படாம நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. காய்ச்சல் இருக்கா? புண்ணு சுத்திச் சிவந்து சுடுதா? சீழ் வடியுதா? வீக்கம் மணிக்கு மணி பெருசாகுதா?" எல்லாவற்றுக்கும் இல்லை. "அப்ப பயப்படாதீங்க. ஆபரேஷன் பண்ணின இடத்துல கசிஞ்ச ரத்தம் கீழ இறங்கி வந்து தங்கியிருக்கு. தண்ணி பள்ளத்துக்குத்தான வரும்? ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் கறுப்பாத் தெரியும். பத்துப் பதினஞ்சு நாள்ல மஞ்சளாகி மறைஞ்சிடும். தூக்கிக் கட்டுங்க, போதும்."

தூக்கிக் கட்டுவதற்கு ஸ்க்ரோட்டல் சப்போர்ட் என்று ஒரு சாமான். சயான் ஸ்டேஷன் பக்கத்து சர்ஜிகல் கடையில் 380 ரூபாய்க்கு வாங்கி வந்தான் மகன். பிரித்துப் பார்த்தால், அப்பா வயலுக்குக் கட்டிக்கொண்டு போன கோமணம்! எலாஸ்டிக் மட்டும்தான் புதுசு. எலாஸ்டிக் இரண்டே நாளில் இடுப்பில் தடம் பதித்துவிட்டது. பழைய வேட்டியைக் கிழித்து அப்பா கட்டுகிற மாதிரியே கட்டிக்கொண்டேன், சுகமாக இருந்தது. அந்தப் பொருளுக்கு ஐந்துக்கு இரண்டு. கோமணத்துக்கு ஐந்துக்கு ஐந்து.

அதே கடையில் மாதம் 500 ரூபாய் வாடகைக்கு எடுத்த கமோடு நாற்காலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் குந்தி உட்காரும் கக்கூஸ். ஆபரேஷன் ஆன இடுப்போடு குந்தினால் தையல் விண்ணென்று இழுக்கும். நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி, அதைக் கக்கூசின் மேலேயே வைத்துவிடலாம். இந்த ஆபரேஷனை ஒட்டி நான் செலவழித்த பணத்திலேயே உருப்படியான பணம் அந்த 500தான்.

ஆனால் நாற்காலி இருந்து என்ன, நாலு நாளாக வெளியே போகவில்லை. எழுதிக்கொடுத்த வலி மாத்திரையில் ட்ராமடால் என்று ஒரு மருந்து. வலியை அடக்கும், கூடவே குடலையும் கட்டிப்போடும். படுத்தே கிடப்பதும் தண்ணீர் குறைவாகக் குடிப்பதும் சேர்ந்தால் வயிறு கல்தான். தாளில் 'அவாய்ட் ஸ்ட்ரெயின்', அதாவது முக்காதே என்று எழுதிவிட்டு, முக்க வைக்கிற மாத்திரையை அதற்கு மேல் வரியிலேயே எழுதியிருக்கிறார்கள்! மலமிளக்கி ஒன்றுமில்லை. மூன்றாம் நாளுக்கு மேல் வலி குறைந்தால் வெறும் பாராசிட்டமால் போதுமா என்று டாக்டரிடம் கேட்கச் சொன்னாள் தங்கச்சி மகள். அவர் சரி என்றார். ராத்திரி இசப்கோல், காலையில் வெந்நீர், பப்பாளி, வீட்டுக்குள்ளேயே மணிக்கு ஒரு நடை. ஐந்தாம் நாள் காலை விமோசனம் கிடைத்தது. நடை இதற்கு மட்டுமில்லையாம், காலில் ரத்தம் கட்டாமல் இருக்கவும் வேண்டுமாம். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ யாரையும் கேட்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும் என்று அவள் மிரட்டி வைத்திருந்தாள்.

பத்தியம் பற்றி ஒரு போரே நடந்தது. எங்கள் பில்டிங்கில் நாலு மாடியிலும் சொந்த ஊர்க்காரர்கள்தான். ஒவ்வொருவரும் வந்து பார்த்துவிட்டு ஒரு சாப்பாட்டைக் குறைத்துவிட்டுப் போனார்கள். கத்தரிக்காய் புண்ணை அரிக்கும், பருப்பு சீழ் வைக்கும், முட்டை சூடு, மீன் கவிச்சி. கடைசியில் எனக்கு மிஞ்சியது மிளகு ரசமும் சுட்ட அப்பளமும். புண் ஆற வேண்டிய சரக்கே புரோட்டீன்தான், அதைத்தான் முதலில் நிறுத்துகிறீர்கள் என்று தங்கச்சி மகள் தன் அத்தையிடம், அதாவது என் வீட்டுக்காரியிடம், சண்டை போட்டாள். ஒரு சமரசம் ஏற்பட்டது: தினம் இரண்டு வேகவைத்த முட்டை, கதவைச் சாத்திக்கொண்டு. ஐந்தாவது வீட்டு ஆச்சிக்குத் தெரியாது, இன்று வரை.

ஒன்பதாம் நாள் தையல் பிரித்தார்கள். டாக்டரின் கை சுத்தம், தழும்பு ஒரு விரல் நீளத்துக்குக் கோடு மாதிரி. ரேசர் கீறியதும் சீழ் இல்லாமல் ஆறிவிட்டது, என் நல்ல நேரம். பன்னிரண்டாம் நாள் குளிக்கும்போது கை வைத்தால், தழும்புக்குக் கீழே மறுபடி ஒரு எலுமிச்சம்பழம்.

அன்றைக்கு நான் பட்ட பாடு கதீட்டர் ராத்திரியைவிட மோசம். அறுபத்தெட்டாயிரம், வலை, பட்டினி எல்லாம் வீண், ஹெர்னியா திரும்பி வந்துவிட்டது என்று உட்கார்ந்துவிட்டேன். தெருவில் உள்ள கிளினிக்கில் காட்டினால், நீர் கோத்திருக்கிறது, ஊசி போட்டு உறிஞ்சிவிடலாம் என்று சிரிஞ்சை எடுத்தே விட்டார். நல்லவேளை தங்கச்சி மகளுக்குப் போன் போட்டேன். "ஊசியா? எழுந்திரிச்சு வெளிய வாங்க மாமா, இப்பவே." அவள் அப்படி அதட்டி நான் கேட்டதே இல்லை. உள்ளே வலை இருக்கும் இடத்தில் ஊசி குத்தினால், சுத்தமான நீரில் நாமே கிருமியை ஏற்றின மாதிரி. மறுநாள் செம்பூர் டாக்டர் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் இருமச் சொன்னார். ஹெர்னியா என்றால் இருமும்போது விரலில் முட்டும், படுத்தால் உள்ளே போகும். இது முட்டவும் இல்லை, போகவும் இல்லை. சீரோமா என்று பெயர் சொன்னார். வலை வைத்த இடத்தில் உடம்பு நீர் சுரப்பது வழக்கம், சில வாரத்தில் உடம்பே உறிஞ்சிக்கொள்ளும், வலியோ சிவப்போ காய்ச்சலோ வராத வரை தொடவே கூடாது என்றார். ஐந்தாவது வாரம் கரைந்துபோனது.

எனக்கு ஆத்திரம் எங்கே என்றால், டாக்டர் இதைச் சொன்ன விதத்தில். "ஹா, இது வருமே" என்றார், சாவகாசமாக. வரும் என்று தெரிந்த ஆள், வருவதற்கு முன்னால் சொல்ல அரை நிமிஷம் ஆகுமா? மூத்திரம் நிற்பது, கறுப்பது, மலச்சிக்கல், நீர்க்கட்டி, நாலும் இந்த ஆபரேஷனில் வழக்கமாக வருகிறவை. நாலும் எனக்கு வந்தன. நாலையும் நான் ஏதோ எனக்கு மட்டும் நேர்ந்த விபத்து என்று நினைத்துப் பயந்தேன். அந்த நாலு பயத்தில் ஒன்று என்னைத் தெரு கிளினிக்கின் ஊசி முனை வரை கொண்டுபோனது.

ஐந்தாவதாக ஒன்று இன்னும் இருக்கிறது. தழும்புக்குக் கீழே, தொடையின் உள்பக்கம் உள்ளங்கை அளவுக்கு மரத்துப்போய்க் கிடக்கிறது. கிள்ளினால் யாரையோ கிள்ளுகிற மாதிரி. வழியில் போகும் மெல்லிய நரம்பு இழுபட்டால் இப்படி ஆகும், மாதக்கணக்கில் சரியாகும், சிலருக்கு ஒரு சின்ன இடம் அப்படியே நின்றும் விடும் என்றார்கள். எனக்கு இது தொல்லை இல்லை. ஆனால் மூன்று மாதம் தாண்டியும் வலி நிற்காமல் இருப்பது பத்தில் ஒருவருக்கு இருக்கிறது என்று 2018ல் வந்த சர்வதேச வழிகாட்டு நெறியே சொல்கிறதாம். அப்படிப்பட்டவர் ஒருவரைச் சயான் ஸ்டேஷனில் சந்தித்தேன், காலை நீட்டி வைத்து உட்கார்ந்திருந்தார். "நம்மளுக்குத்தான் ஏதோ கோளாறு போல" என்றார். அவருக்கும் யாரும் சொல்லவில்லை.

கனம் தூக்குவது பற்றி ஆளாளுக்கு ஒரு கணக்கு. அண்ணாச்சி ஒரு வருஷம் என்றார். வீட்டுக்காரி ஆயுசுக்கும் என்றாள். டாக்டர், நடை, படி ஏறுவது, கடையில் உட்கார்ந்து கல்லா பார்ப்பது எல்லாம் வலி விடுகிற அளவுக்கு முதல் வாரத்திலிருந்தே செய்யலாம், சிப்பமும் அண்டாவும் மட்டும் ஆறு வாரம் தொடக் கூடாது என்றார். ஆறு வாரமும் சரியாக இருந்தேன். அதற்குள் கடையில் ஒரு பையனைப் போட்டு, அவன் உளுந்தைக் குறைத்து ஊறப்போட்டு, இட்லி கல்லாக வந்து, இரண்டு வாடிக்கை வேறு கடைக்குப் போனதெல்லாம் வேறு கதை. கணபதி பண்டிகைக்கு முந்தின வாரம் கடைக்குத் திரும்பிப் போனேன். இப்போது சிப்பத்தைத் தள்ளு பலகையில் வைத்து உருட்டுகிறேன், அண்டாவைப் பாதி பாதியாக நிரப்புகிறேன். இதை முப்பது வருஷத்துக்கு முன்னால் செய்திருந்தால் 450 ரூபாய் பெல்ட்டே தேவைப்பட்டிருக்காது.

மார்க் கேட்டால், தையலுக்குப் பத்துக்குப் பத்து. நைட் சிஸ்டருக்குப் பத்து. ரேசருக்கும் பட்டினிக்கும் இரண்டு. பில்லிங்குக்கு ஒன்று, ஏசி இருந்ததால். தாளுக்கு முட்டை. நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்ட முட்டைகூட இல்லை, கூமுட்டை.

எட்டணா பிரயோஜனமில்லாத அந்தத் தாளின் பின்பக்கத்தில், தங்கச்சி மகளை உட்கார வைத்துத் தமிழில் எழுதி வாங்கினேன். முதல் ராத்திரி ஆறு மணி நேரத்துக்கு மேல் மூத்திரம் வரவில்லை என்றால் யாரையாவது எழுப்பு. மூன்றாம் நாள் கறுக்கும், கோமணம் கட்டு. இரண்டாம் வாரம் கட்டி வரலாம், ஊசி போட விடாதே. காய்ச்சல், சீழ், சூடான சிவப்பு, வயிறு ஊதி வாந்தி, ஒற்றைக்கால் வீக்கம், மூச்சு வாங்குவது, இதில் எது வந்தாலும் திங்கள்கிழமை ஓபிடிக்குக் காத்திருக்காதே. வலை வைத்த இடத்தில் 90 நாள் வரை ஒரு கண் இருக்கட்டும். இதற்கு அவளுக்கு இருபது நிமிஷம் ஆனது. டீ குடித்துக்கொண்டே எழுதினாள்.

என் பதினாறு பேரில் ஒருவர், மாஹிம் பக்கம் இட்லி கொண்டுபோகிறவர், போன மாதம் கல்லாப் பக்கம் வந்து வேட்டியைச் சரிசெய்கிற மாதிரி தயங்கி நின்றார். "அண்ணே, எனக்கும் ஒண்ணு எட்டிப் பாக்குது" என்றார். தலையில் பதினைந்து கிலோவைச் சுமந்துகொண்டு ரயில் ஏறுகிறவர். வருகிற வியாழக்கிழமை அவருக்கு ஆபரேஷன். அதே இடம்தான், நான்தான் அனுப்பினேன், அந்தக் கைக்காக. தாளின் பின்பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். புதன்கிழமை ராத்திரி ரேசரோடு ஒருத்தன் வருவான், அவனைத் திருப்பி அனுப்பு என்று மட்டும் வாயால் சொல்லியிருக்கிறேன்.